எலி வேட்டைக்கு ஒரு வாரம் லீவு

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு மக்களே இது. எழுதுறதும் அழிக்கிறதுமா ஒரு வருஷம் ஓடிருச்சு. ஏன்னு பாதிக்கு மேல படிச்சா உங்களுக்கே தெரியும்.

நான் பொட்டி தட்டுறது வட ஸ்வீடன்ல, உமியோங்கிற ஊர்ல. வந்து மூணாவது வாரம். காலை மீட்டிங்கில் எங்க டெக் லீட், தலை முக்கால்வாசி நரைச்ச மனுஷன், ரொம்ப சாதாரணமா சொல்றார்: "செப்டம்பர் முதல் திங்கள்ல இருந்து ஒரு வாரம் நான் இருக்க மாட்டேன். எலி வேட்டை."

அதுவரைக்கும் இங்கிலீஷ்ல பேசிட்டு இருந்தவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஸ்வீடிஷ்ல சொன்னார். என் காதுல சத்தியமா 'எலி'ன்னுதான் விழுந்துச்சு. ஒரு வாரம் லீவு போட்டு எலி பிடிக்கிற அளவுக்கு வீட்ல தொல்லையா, பாவம், பொறியில மசால்வடை வெச்சா வேலை முடிஞ்சதுன்னு சொல்லலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த டெஸ்டரும் "நானும்"ங்கிறார். அப்புறம் இன்னும் ரெண்டு பேர். மேனேஜர் கண்ணை மூடிட்டுத் தலையாட்டிட்டு அந்த வார ரிலீஸைத் தள்ளி வெச்சுட்டார். தீபாவளிக்கு லீவு கேட்டப்போ கூட எனக்கு இவ்வளவு சுலபமா கிடைச்சதில்லை :-)

சீட்டுக்கு வந்து கூகுளாண்டவரைக் கேட்டப்புறம்தான் தெரிஞ்சது. இங்கிலீஷ்காரன் மூஸ்னு சொல்ற மிருகத்துக்கு இவங்க பாஷையில பேரு 'எல்ய்'. அதுதான் என் காதுல எலி ஆயிருச்சு. அந்த எலியோட தோள் உயரமே ஆறடிக்கு மேல வரும். நல்லா வளர்ந்த ஆண் ஐநூறு கிலோ வரைக்கும் இருக்கும். உலகத்துல இருக்குற மான் வகையிலேயே பெருசு இதுதான். தமிழ்ல 'கடமான்'னு எழுதலாமான்னு பாத்தேன், அது நம்ம மேற்குத்தொடர்ச்சி மலை மிளாவுக்கு ஏற்கெனவே இருக்குற பேரு. அதனால இந்தப் பதிவு முழுக்க மூஸ்தான்.

எப்போ, எங்கே

ஸ்வீடனோட வடக்குப் பகுதியில் செப்டம்பர் முதல் திங்கள், தெற்கில் அக்டோபர் ரெண்டாவது திங்கள் வேட்டை ஆரம்பிக்கும். நார்வேல செப்டம்பர் 25. ஃபின்லாந்துல செப்டம்பர்ல தொடங்கினாலும், நாயை விட்டு விரட்டுற பெரிய கூட்டு வேட்டை நாட்டின் பெரும்பகுதியில் அக்டோபர்லதான் சூடு பிடிக்கும். நார்டிக் நாடுன்னா அஞ்சுலயும் இருக்கும்னு நினைக்காதீங்க. ஐஸ்லாந்துல மூஸே கிடையாது. டென்மார்க்ல ஆயிரக்கணக்கான வருஷமா இல்லாம போயி, 2015ல ஸ்வீடன்ல இருந்து சில கன்றுகளைக் கொண்டு வந்து லில்ல வில்டமோஸ சதுப்பு நிலத்துல வேலிக்குள்ள விட்டு வளக்குறாங்க.

துப்பாக்கி இருக்குன்னு நினைச்சவன் எல்லாம் காட்டுக்குள்ள போயிட முடியாது. ஸ்வீடன்ல 1985ல இருந்து வேட்டைக்குன்னே தனிப் பரீட்சை இருக்கு, எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. நார்வேல பெரிய மிருகத்தை வேட்டையாடுறவங்க வருஷா வருஷம் குறி பார்த்துச் சுட்டுக் காட்டணும். நூறு மீட்டர்ல அஞ்சு குண்டு, அஞ்சும் 30 செ.மீ. வட்டத்துக்குள்ள. ஃபின்லாந்துல 75 மீட்டர்ல நாலு குண்டு, வட்டம் 23 செ.மீ. நாம டிரைவிங் லைசென்ஸ் வாங்குன கதையை நினைச்சுக்கிட்டேன். வெளியில சொல்லல.

சாப்பாட்டு ரூம் சண்டை

அந்த முதல் வருஷம் வேட்டை முடிஞ்சு லீட் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சாப்பாட்டு ரூம்ல மொபைல்ல போட்டோ காட்டினார். பச்சைப் பாசி மேல விழுந்து கிடக்குற மூஸ். பக்கத்துல ஆரஞ்சு தொப்பி போட்ட நாலு பேர், சாம்பல் நிற நாய் ஒண்ணு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "இவ்வளவு பணக்கார நாடு, கடையில எல்லாமே கிடைக்குது, அப்புறமும் எதுக்கு இந்தப் பாவம்?"னு கேட்டுட்டேன்.

அவர் கோவப்படலை. என் தட்டைப் பாத்தார். சிக்கன் குழம்பு. "அது எங்கே இருந்துச்சு, எப்படிச் செத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"ன்னார். கிண்டல் இல்லை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. பிளாஸ்டிக் தட்டுல, மேல கண்ணாடித் தாள் ஒட்டி, பார்கோடோட வந்தது. அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்லை.

இந்த இடத்துல நான் திருந்திட்டேன்னு எழுதினா பதிவு சீக்கிரம் முடிஞ்சிரும். நான் திருந்தலை. "நீங்க சந்தோஷத்துக்காகக் கொல்றீங்க, நான் பசிக்காகத் திங்குறேன், ரெண்டும் ஒண்ணா?"ன்னு மனசுக்குள்ளேயே பதில் சொல்லி ஜெயிச்சுட்டேன். மனசுக்குள்ள நடக்குற விவாதத்துல நாம தோத்ததா சரித்திரமே கிடையாதே.

நவம்பர் சாயங்காலம்

அடுத்த வருஷம் நவம்பர். இந்த ஊர்ல அந்த மாசம் மூணு மணிக்கே இருட்டிரும். லிக்செலே பக்கத்துல ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிட்டு நான் மட்டும் காரில் திரும்பி வந்துட்டு இருந்தேன். மெயின் ரோட்டுல பல இடத்துல ரெண்டு பக்கமும் மிருகங்களுக்கு வேலி போட்டிருப்பாங்க. நான் வந்தது கிளைச்சாலை, வேலி கிடையாது. வலது பக்கத்துல இருந்து பெருசா ஒண்ணு ரோட்டைத் தாண்டுச்சு. பிரேக்கை அமுக்கிட்டேன். அது போயிருச்சு. அப்பாடான்னு மூச்சு விடும்போது அதுக்குப் பின்னாடியே சின்னது ஒண்ணு வந்துச்சு.

தாய்க்குப் பின்னாடி கன்று வரும்ங்கிறது இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியலை.

வேகம் ஏற்கெனவே குறைஞ்சிருந்ததால எனக்கு ஒண்ணும் ஆகலை. காரோட முன்பக்க ஓரம் நசுங்கி, ஒரு விளக்கு போச்சு. கன்று விழுந்து, எந்திரிச்சு, ஒரு காலை இழுத்துக்கிட்டே காட்டுக்குள்ள போயிருச்சு. கொஞ்ச தூரம் கிளை முறியுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் இல்லை.

ஸ்வீடன் சட்டப்படி மூஸ் மேல இடிச்சா, அது ஓடிப்போனாலும், போலீசுக்குச் சொல்லணும், இடத்துல அடையாளம் வைக்கணும். சொல்லாம போறது குற்றம். 112க்கு அடிச்சேன். அடையாளத்துக்குக் கட்டுற ரிப்பன் என்கிட்ட இல்லை, கழுத்துல இருந்த மப்ளரை ஒரு பிர்ச் மரத்துல கட்டினேன். கை நடுங்குனதுல முடிச்சு விழவே இல்லை.

முக்கால் மணி நேரத்துல ஒரு வண்டி வந்துச்சு. போலீஸ் இல்லை. அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், நெத்தியில விளக்கு, தோள்ல துப்பாக்கி, கையில கயிறு கட்டின நாய். இந்த மாதிரி நேரத்துல காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போறதுக்குன்னு போலீஸ் கூப்பிடுறது உள்ளூர் வேட்டைக்காரங்களைத்தான். நடுராத்திரியோ பனிப்புயலோ, அவங்கதான் வரணும். அவர் என்கிட்ட மூணு கேள்விதான் கேட்டார். எந்தப் பக்கம் போச்சு, எவ்வளவு வேகத்துல வந்தே, பெருசா கன்றா. அப்புறம் நாய் முன்னால போக இருட்டுக்குள்ள போயிட்டார்.

நான் கார்ல உக்காந்திருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். ஒரே ஒரு வெடிச் சத்தம்.

திரும்பி வந்தவர், "பின்னங்கால். இடுப்பும் போயிருந்துச்சு"ன்னார். அப்புறம் கை குலுக்கினார். "நீ போன் பண்ணினது நல்லது. பண்ணாமப் போறவங்க நிறைய. அப்போ அது ரெண்டு நாள் கிடக்கும்."

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். கண்ணாடித் தாள் ஒட்டின சிக்கன் இருந்துச்சு. மூடிட்டேன். அடுத்த நாள் எடுத்துச் சமைச்சேன், பொய் சொல்ல விரும்பலை. ஆனா சாப்பாட்டு ரூம்ல நான் மனசுக்குள்ள ஜெயிச்ச விவாதம் அன்னைக்கு ராத்திரியே காலாவதி ஆயிருச்சு. எங்க ஆபீஸ்ல அந்த வருஷம் ஒரு கன்றை நொண்ட வெச்சு இருட்டுல விட்டது நான்தான். வேட்டைக்குப் போன நாலு பேர்ல யாரும் இல்லை.

இது ஏதோ என்னோட தலைவிதின்னு நினைச்சுக்காதீங்க. ஸ்வீடன்ல வருஷத்துக்கு 60,000க்கு மேல மிருக விபத்து நடக்குது. பெரும்பாலும் சின்ன மான்தான், ஆனா மூஸ் மட்டுமே ஆயிரக்கணக்குல. மூஸ் விபத்து மனுஷனுக்கும் ஆபத்து. கால் நீளம், உடம்பு உசரத்துல இருக்கு. கார் இடிச்சா காலைத் தட்டிவிட்டு உடம்பு நேரா கண்ணாடியை உடைச்சுட்டு உள்ள வரும். திடீர்னு வளைச்சு ஓட்டிப் பாக்குற 'மூஸ் டெஸ்ட்' இதுக்காகத்தான். 1997ல ஒரு ஸ்வீடன் பத்திரிகை அந்த டெஸ்ட்ல மெர்சிடிஸ் ஏ-கிளாஸை ஓட்ட, புத்தம் புதுக் கார் கவுந்து போச்சு. கம்பெனி வித்த காரையெல்லாம் திரும்ப வாங்கிச் சரி பண்ணி, வண்டி சறுக்காம பிடிக்கிற எலக்ட்ரானிக் ஏற்பாட்டை எல்லாத்துலயும் வெச்சாங்க. டெஸ்டர்கள் கவனிக்க: எட்ஜ் கேஸ் காட்டுக்குள்ள இருந்தும் வரும்.

அடுத்த செப்டம்பர்

லீட்கிட்ட நானே போய்க் கேட்டேன், கூட வரலாமான்னு. "துப்பாக்கியைத் தொட மாட்டே. பேச மாட்டே. இருமக் கூடாது"ன்னார். சரின்னேன்.

விடியுறதுக்கு முன்னாடி ஒரு மரக் குடிசையில பதினஞ்சு பேர் கூடினாங்க. தச்சர், நர்ஸ், ரிட்டயர்டு வாத்தியார், பத்தொன்பது வயசுப் பொண்ணு, எங்க லீட். வேட்டைத் தலைவர்னு ஒருத்தர். ஆபீஸ்ல எங்க லீட் சொல்றதுதான் சட்டம், இங்கே அவர் அந்தத் தலைவர் முன்னாடி பவ்யமா நின்னார். தலைவர் பேர் ஒரு லாரி டிரைவர் :-) யார் எந்த இடத்துல உக்காரணும்னு சீட்டுக் குலுக்கினாங்க. எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னார். கன்றோட இருக்குற தாயைத் தொடக்கூடாது. முதல்ல கன்று, அப்புறம்தான் தாய். சந்தேகம் இருந்தா சுடவே கூடாது.

அப்புறம்? உக்காந்திருக்கிறதுதான். அஞ்சு மணி நேரம். மரத்துல கட்டின பரண் மேல லீட் பக்கத்துல உக்காந்திருந்தேன். கால் மரத்துப் போச்சு. நாயோட கழுத்துப் பட்டையில ஜிபிஎஸ் இருக்கு, அது எங்கே போகுதுன்னு மொபைல்ல கோடு வரையுது. நாயோட வேலை மூஸைக் கடிக்கிறது இல்லை. கண்டுபிடிச்சு, அதுக்கு முன்னாடி நின்னு விடாம குரைச்சு, அதை நிக்க வைக்கிறது. அந்த அஞ்சு மணி நேரத்துல லீட் ஒரு அட்டையில குறிப்பு எழுதுறார். வேட்டையோட முதல் ஏழு நாள், எத்தனை மணி நேரம் உக்காந்தோம், எத்தனை ஆண், பெண், கன்று கண்ணுல பட்டுச்சுன்னு எல்லாக் குழுவும் கணக்குக் கொடுக்கும். ஒரு பகுதியில மூஸ் கூடுதா குறையுதான்னு தெரிஞ்சுக்க ஸ்வீடனுக்கு இருக்குற முக்கியமான தரவுகள்ல இது ஒண்ணு. நார்வேலயும் ஃபின்லாந்துலயும் இதே மாதிரி உண்டு. ஆபீஸ்ல டைம்ஷீட் நிரப்பச் சொன்னா அழுவுற மனுஷன், பரண் மேல உக்காந்து அவ்வளவு ஒழுங்கா எழுதுறார்.

மத்தியானம் தூரத்துல நாய் குரைச்சுது. அப்புறம் ரெண்டு வெடி. ரேடியோவுல குரல். கன்று.

நாங்க போனப்போ அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணு அது பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தா. அவளோட முதல் மூஸ். எல்லாரும் கை குடுத்தாங்க. அவ சிரிச்சா, கண்ணு கலங்கியிருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கலை. கன்று பொறந்து நாலு மாசம்தான் இருக்கும். அதோட கண் இமை முடி நீளமா இருந்துச்சு. நான் இடிச்சதோட முகத்தை நான் பாக்கலை. இதைப் பாத்தேன்.

குடலை அங்கேயே எடுத்துட்டு, மிச்சத்தைக் கொட்டகைக்குக் கொண்டு போய்த் தோலுரிச்சு, எடை போட்டு, நோட்டுல எழுதித் தொங்கவிட்டாங்க. எத்தனை நாள் தொங்கணும்ங்கிறதுக்கு ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க. சராசரி வெப்பநிலையை நாள் எண்ணிக்கையால பெருக்குனா நாப்பது வரணும். எட்டு டிகிரின்னா அஞ்சு நாள். நாலு டிகிரின்னா பத்து. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. அந்த வார இறுதியில கறியைக் கூறு போட்டாங்க. எல்லாக் கூறும் ஒரே அளவு, சுட்டவளுக்கும் அதே, சும்மா உக்காந்திருந்தவருக்கும் அதே. எந்தக் கூறு யாருக்குன்னு சீட்டு. நம்ம ஊர்ல தீபாவளிப் பங்குக் கறி பாத்து வளந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்லணுமா என்ன? ஃபின்லாந்துல இன்னும் ஒரு படி மேல. வேட்டை முடிஞ்சதும் நிலம் கொடுத்தவங்களையும் ஊர்க்காரங்களையும் கூப்பிட்டு 'ஹிர்விபெயாய்செட்'னு ஒரு மூஸ் விருந்து வெக்கிறாங்க.

சரி, உன் கருத்து என்னய்யா?

வர்றேன். வேட்டைக்காரங்களுக்கு முழுசா வக்காலத்து வாங்கறதுக்காக இதை எழுதலை. அவங்க வழக்கமா சொல்ற ஒரு வாதம், "நாங்கதான் காட்டைச் சமநிலையில வெச்சிருக்கோம்". இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சத்தமா சொல்றதில்லை.

கதையை முதல்ல இருந்து பாருங்க. 1789 வரைக்கும் பெரிய வேட்டையெல்லாம் ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும்தான். அந்த வருஷம் மூணாம் குஸ்தாவ் குடியானவங்களுக்கும் அவங்கவங்க நிலத்துல வேட்டையாட உரிமை கொடுத்தார். கொஞ்ச வருஷத்துலேயே மூஸ் அழியுற நிலைமைக்குப் போய், 1826ல இருந்து பத்து வருஷம் வேட்டையையே தடை செய்ய வேண்டி வந்துச்சு. அப்புறம் ஓநாயை ஒழிச்சாங்க. 1960கள்ல ஸ்காண்டிநேவியக் காட்டுல ஓநாய் இல்லைங்கிற அளவுக்கு ஆயிருச்சு. அதே காலத்துல மரக் கம்பெனிகள் காட்டை மொத்தமா வெட்டிப் புதுசா நடுற முறைக்கு மாறுனாங்க. வெட்டின இடத்துல எல்லாம் இளங்கன்று மரம், மூஸுக்கு வாய்க்கு எட்டுற உசரத்துல. எதிரி இல்லை, சாப்பாடு இலவசம். எண்ணிக்கை எகிறி, 1982ல மட்டும் ஸ்வீடன்ல 1,70,000க்கு மேல மூஸ் சுட்டாங்க. இப்போ அதுல சுமார் மூணுல ஒரு பங்குதான்.

அதாவது ஓநாயை எடுத்தது மனுஷன், தீனி போட்டது மனுஷன், எத்தனை இருக்கணும்னு முடிவு பண்றதும் மனுஷன். 2012ல கொண்டு வந்த ஏற்பாட்டுல ஒவ்வொரு மூஸ் பகுதிக்கும் ஒரு குழு. பொதுவா வேட்டைக்காரங்க தரப்புல மூணு பேர், நிலக்காரங்க தரப்புல மூணு பேர். சமமா பிரிஞ்சா நிலக்காரங்க தரப்புத் தலைவரோட ஓட்டு முடிவு பண்ணும். மூஸ் இளம் பைன் மரத்தைக் கடிச்சு நாசம் பண்ணுதுன்னு நிலக்காரங்க குறைக்கச் சொல்வாங்க. வேட்டைக்கு ஆள் இருக்கு மூஸ் இல்லைன்னு இவங்க கூட்டச் சொல்வாங்க. நம்ம புராடக்ட் மீட்டிங் மாதிரியேதான், மூஸுக்கு மட்டும் காலண்டர் இன்வைட் போகாது.

கன்றை முதல்ல சுடுறது கொடூரமாத் தெரியுது இல்லையா, எனக்கும் தெரிஞ்சது. ஆனா அந்தக் கணக்கு நமக்குப் புதுசு இல்லை. ஆடு வளக்குற வீட்ல கிடாவை வித்துட்டுப் பெட்டையை வெச்சுக்குவோம்ல, அதே கணக்கு. குட்டி போடுற தாயை வெச்சுக்கோ, குளிர்காலத்துல எப்படியும் பாதிக்கப்படக்கூடிய இளசை எடுத்துக்கோ. இது புரிஞ்சதும் எனக்கு மொத்த விஷயமும் தெளிவாச்சு. மூஸ் வேட்டைங்கிறது இயற்கையோட போராட்டமும் இல்லை, காட்டுமிராண்டித்தனமும் இல்லை. அது வேலி இல்லாத ஒரு பெரிய பண்ணை.

பண்ணைன்னு ஒத்துக்கிட்டா ரெண்டு பக்கத்துக்கும் கேள்வி இருக்கு.

வேட்டைக்காரங்களுக்கு: பண்ணைன்னா ஓநாய் உங்க பங்காளி. 1983ல வெர்ம்லாண்ட் பக்கம் ஓநாய் மறுபடியும் குட்டி போட்டுச்சு. இப்போ ஸ்வீடன் முழுக்கச் சேத்தாலும் சில நூறுதான். ஒரு ஓநாய்க் குடும்பம் வருஷத்துக்கு நூறு மூஸுக்கு மேல அடிக்கும், வேட்டை நாயையும் கொல்லும். உங்க வலி புரியுது. அஞ்சாறு வருஷம் பழக்கின நாயை இழந்தவர் பேசுறதை நான் கேட்டிருக்கேன். எங்க வடக்குப் பக்கம் ரெயின்டீர் மேய்க்குற சாமி மக்களோட பிழைப்பும் இதுல இருக்கு, அது தனிக் கதை. ஆனா "காட்டோட சமநிலைக்காகத்தான் சுடுறோம்"னு ஒரு வாயில சொல்லிட்டு, அந்தச் சமநிலையை ஆயிரக்கணக்கான வருஷமா பாத்துக்கிட்டவனை "அதிகமா இருக்கு, குறைங்க"ன்னு இன்னொரு வாயில சொன்னா எப்படி? கறிக்காகவும், காட்டுல ஒரு வாரம் இருக்குற சந்தோஷத்துக்காகவும் போறோம்னு நேரா சொல்லுங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. எங்க லீட் அப்படித்தான் சொல்வார்.

என்னை மாதிரி ஆளுங்களுக்கு: அந்த மூஸ் ஒரு நாள் கூடக் கூண்டுல இருந்ததில்லை. அது செத்த நாள் வரைக்கும் அது நினைச்ச இடத்துல மேஞ்சுது. காயம்பட்டு ஓடினா தேடுறதுக்குப் பழக்கின நாய் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிடைக்கணும்னு சட்டம் இருக்கு. என் தட்டுல இருந்த கோழிக்கு இதுல ஒண்ணு கூட இல்லை. கறியே திங்காதவர் ஒருத்தர் வேட்டையை எதிர்த்துப் பேசினா நான் கையைக் கட்டிட்டுக் கேப்பேன், அவருக்கு அந்த உரிமை இருக்கு. நமக்கு இல்லை மக்களே. அவங்க கொன்னதைப் பாத்துட்டுத் திங்குறாங்க. நாம பாக்காம திங்குறோம். நம்ம கை சுத்தமா இருக்குற மாதிரி தெரியுறதுக்கு அந்தக் கண்ணாடித் தாள்தான் காரணம்.

இந்த நாட்டுக்காரங்களே இதுல குழம்பித்தான் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. 2019ல இருந்து ஸ்வீடன் அரசுத் தொலைக்காட்சி வசந்த காலத்துல ஒரு நிகழ்ச்சி போடுது. ஓங்கர்மன் ஆற்றை மூஸ் நீந்திக் கடக்குறதை சுமார் மூணு வாரம், ராத்திரி பகலா, நேரலையில. பெரும்பாலான நேரம் திரையில மரமும் தண்ணியும்தான். ஒரு மூஸ் வந்து கரையில தயங்கி நின்னா ஆபீஸே மூச்சைப் பிடிச்சுட்டுப் பாக்கும். எங்க லீட் ரெண்டாவது மானிட்டர்ல அதை ஓட விட்டுட்டுத்தான் கோடு எழுதுவார். ஒரு தாயும் கன்றும் ஆத்துல இறங்குனப்போ அவர், "வா வா, பயப்படாதே"ன்னு முணுமுணுத்ததை நான் காதால கேட்டேன். அதே மனுஷன் செப்டம்பர்ல பரண் மேல உக்காருவார். முதல் வருஷமா இருந்தா இதை வேஷம்னு எழுதியிருப்பேன். இப்போ அப்படித் தோணலை. ரெண்டுமே நிஜம்னுதான் தோணுது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி என் மேஜை மேல ஒரு பொட்டலம் இருந்துச்சு. வெள்ளைத் தாள்ல சுத்தி, மேல பேனாவால தேதியும், எந்தப் பகுதிக் கறிங்கிறதும், 'கன்று'ன்னும் எழுதியிருந்துச்சு. பார்கோடு இல்லை. எங்கே இருந்துச்சு, எப்படிச் செத்துச்சு, யார் சுட்டா, அவ கண்ணு கலங்குச்சா இல்லையா, எல்லாம் எனக்குத் தெரியும்.

மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தேன். ருசியாத்தான் இருந்துச்சு. முழுசா சாப்பிட முடியலை, மிச்சத்தை ராத்திரி சாப்பிட்டேன்.

டிஸ்கி 1: "அப்போ நீயும் பரீட்சை எழுதித் துப்பாக்கி வாங்கப் போறியா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. இல்லைம்மா. சத்தியமா என்னால முடியாது. முடியாதுங்கிறது பெருமை இல்லைன்னு மட்டும் இப்போ தெரியுது.

டிஸ்கி 2: இந்தப் பக்கம் கார் ஓட்டுற நம்ம மக்களுக்கு. சாயங்காலமும் விடியலும் மெதுவாப் போங்க. ஒண்ணு தாண்டிருச்சுன்னா உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க. பின்னாடி இன்னொண்ணு வரும்.